மணி ஏழாகியும் விடியவில்லை, ஏன்?

பிப்ரவரி மாதம் பிறந்தால் போதும், எங்கள் நிலையத்தின் வாட்ஸ்அப் எண்ணுக்கு ஒரே கேள்வி வெவ்வேறு குரல்களில் வரத் தொடங்கிவிடும். "காலை மணி ஏழுன்னு நீங்க சொல்றீங்க. வெளியே பார்த்தா ராத்திரி மாதிரி இருக்கே?" என்பார் கிள்ளானில் இருந்து ஒருவர். "பிள்ளையை ஸ்கூல் பஸ்ஸில ஏத்தும்போது டார்ச்லைட் அடிக்க வேண்டியிருக்கு" என்பார் இன்னொருவர். இவ்வாண்டு வந்த ஒரு குரல் பதிவில் ஒரு சின்னப் பையன் தன் அம்மாவிடம் கேட்கிறான்: "சூரியனுக்கு இன்னைக்கு எம்.சி.யா மா?"

கேள்வி வந்த கையோடு மற்ற நேயர்களிடம் இருந்து பதில்களும் வந்துவிடும். "டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி எல்லாம் குளிர்காலம். இரவு நீளம், அதனால்தான்" என்பது ஒரு பதில். "பூமி சூரியனை விட்டுத் தள்ளிப் போயிருக்கும்" என்பது இன்னொன்று. இரண்டையும் கேட்டால் சரியாக இருப்பதுபோலத்தான் தோன்றும். இரண்டும் தவறு. இரவின் நீளம்தான் காரணம் என்றால், ஆண்டிலேயே இரவு மிக நீளமாக இருக்கும் டிசம்பர் இறுதியில்தான் விடியல் மிகவும் தாமதமாக வேண்டும். கோலாலம்பூரில் அப்படி நடப்பதில்லை. மிகத் தாமதமான விடியல் பிப்ரவரியில் வருகிறது. பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவதோ ஜனவரித் தொடக்கத்தில்.

பாடலுக்கும் விளம்பரத்துக்கும் நடுவே எனக்குக் கிடைக்கும் நாற்பது விநாடியில் இதையெல்லாம் விளக்க முடியாது. இந்தப் பக்கத்தில் இடம் இருக்கிறது. நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம்

பூமி தன்னைத்தானே மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது. சூரியன் நகர்வதுபோல் நமக்குத் தெரிகிறதே தவிர, நகர்கிறவர்கள் நாம்தான். நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழும் நாம் மணிக்கு ஏறத்தாழ 1,670 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறோம். அந்த வேகம் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. அதனால் கோப்பைத் தேநீர்கூட அசையாமல் இருக்கிறது. நெடுஞ்சாலையில் ஒரே சீராகப் போகும் பேருந்தில் உட்கார்ந்து தூங்குகிறோமே, அதுபோலத்தான்.

ஒரு முழுச் சுற்று 360 டிகிரி. அதை 24 மணி நேரத்துக்குப் பங்கிட்டால் மணிக்கு 15 டிகிரி. அதாவது ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம். இந்த ஒரு கணக்கை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கே இருப்பவருக்குச் சூரியன் முதலில் தெரியும். மேற்கே ஒரு டிகிரி தள்ளி இருப்பவர் நான்கு நிமிடம் காத்திருக்க வேண்டும்.

கோத்தா கினபாலுவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே சுமார் பதினான்கரை டிகிரி தூரம். நான்கால் பெருக்கினால் 58 நிமிடம் வருகிறது. சபாவில் இருப்பவர் காலைப் பசியாறி முடிக்கும் நேரத்தில்தான் நமக்குச் சூரியன் எட்டிப் பார்க்கிறது. ஆனால் இரண்டு ஊர்களிலும் கடிகாரம் ஒன்றுதான். சூரியன்தான் இரண்டு முறை உதிக்கிறது.

ஒரே சூரியன், பல மணிகள்

நம் கடிகாரம் உலக நேரத்தைவிட எட்டு மணி முன்னால் இருக்கிறது. எட்டு மணிக்குரிய தீர்க்கரேகை கிழக்கே 120 டிகிரியில் ஓடுகிறது. அது பிலிப்பைன்ஸ் பக்கம். கோலாலம்பூர் இருப்பது ஏறத்தாழ 101.7 டிகிரியில். வித்தியாசம் 18 டிகிரிக்கும் கொஞ்சம் மேல். நான்கால் பெருக்கினால் 73 நிமிடம். ஆக, நாம் எங்கோ கிழக்கே இருக்கும் ஒருவருடைய மணியைக் கையில் கட்டிக்கொண்டிருக்கிறோம். உச்சிவெயில் நம் தலைக்கு மேல் வருவது பன்னிரண்டு மணிக்கு அல்ல, சராசரியாக ஒன்றே கால் மணிக்கு.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1905 ஜூன் 1 முதல் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் உலக நேரத்தைவிட ஏழு மணி முன்னால் என்று வைத்திருந்தார்கள். பகல் வெளிச்சத்தை மிச்சப்படுத்த 1933இல் இருபது நிமிடம் கூட்டினார்கள். 1941 செப்டம்பரில் மேலும் பத்து நிமிடம் சேர்ந்து ஏழரை மணியானது. 1942இல் ஜப்பானியர் வந்ததும் தோக்கியோ நேரத்தை நம் மீது ஏற்றினார்கள். ஒரே இரவில் ஒன்றரை மணி நேரத் தாவல். 1945இல் அவர்கள் போனதும் பழைய ஏழரைக்குத் திரும்பினோம். கடைசியாக, 1981 டிசம்பர் 31 இரவு 11.30க்குக் கடிகார முள்ளை நள்ளிரவு பன்னிரண்டுக்கு நகர்த்தினோம். தீபகற்பமும் சபா, சரவாக்கும் ஒரே நேரத்தில் இயங்க வேண்டும் என்பது நோக்கம். சிங்கப்பூரும் அன்றே நம்மோடு சேர்ந்துகொண்டது.

பிப்ரவரி நடுவில் ஒரு காலைப் பொழுதை எடுத்துக்கொள்வோம். கோலாலம்பூரில் சூரியன் எட்டிப் பார்க்கும் அந்தக் கணம் வானத்தில் மாறுவதே இல்லை. ஆனால் சுவர்க் கடிகாரம் 1905க்குப் பின் 6.27 என்றிருக்கும். 1933க்குப் பின் 6.47, 1941 முடிவில் 6.57. ஜப்பானியர் காலத்தில் 8.27. போர் முடிந்ததும் மறுபடி 6.57. இப்போது 7.27.

சூரியன் எம்.சி. எடுக்கவில்லை. அது வழக்கமான நேரத்துக்கு வேலைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. பஞ்ச் கார்டைத்தான் நாம் மாற்றி மாற்றி வைத்திருக்கிறோம்.

பால் மரம் கடிகாரம் பார்க்காது

தோட்டத்தில் வளர்ந்த நம் பெரியவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. பால் மரம் வெட்டப் போகிறவர்கள் இருட்டிலேயே எழுந்தார்கள். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு முடித்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைந்தார்கள். துரை கண்டிப்பானவர் என்பது மட்டுமல்ல காரணம். விடியலுக்கு முந்திய குளிரில்தான் மரத்துக்குள் நீரழுத்தம் கூடுதலாக இருக்கும், பால் தாராளமாக வழியும். வெயில் ஏற ஏற இலைகள் ஈரத்தை இழக்கும், அழுத்தம் குறையும், மங்கில் விழும் பாலும் குறையும்.

மரத்துக்குத் தெரிந்தது சூரியனின் நேரம் மட்டும்தான். 1982 ஜனவரி 1ஆம் தேதி அரை மணி நேரம் முன்னால் போன செய்தி எந்த மரத்துக்கும் போய்ச் சேரவில்லை.

நம் உடம்புக்கும் அது போய்ச் சேரவில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. நமக்குள் இருக்கும் உயிர்க்கடிகாரம் காலை வெளிச்சத்தைப் பார்த்துத்தான் தன்னைத் திருத்திக்கொள்கிறது. கண்ணில் வெளிச்சம் படாதவரை உடம்பு இரவுக் கணக்கிலேயே இருக்கும். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குத் தூக்கம் வருவதே தாமதமாகத்தான். அப்படிப்பட்ட பிள்ளையைக் காலை மணி 5.30க்கு எழுப்பும்போது, பிப்ரவரி மாதக் கணக்குப்படி சூரியன் வர இன்னும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருக்கிறது. ஏழரை வாக்கில் முதல் பாடம் தொடங்கும்போதுதான் சூரியனும் பள்ளி வாசலுக்கு வருகிறது.

"சோம்பேறி, இன்னும் என்ன தூக்கம்?" என்று திட்டுகிறோம். கொஞ்சம் யோசித்துத் திட்டலாம். இரவு பத்தரைக்கும் கைத்தொலைபேசியை நோண்டிக்கொண்டிருந்தால் திட்டுவதில் நியாயம் உண்டு. ஆனால் விடியலுக்கு முன் எழ முடியாமல் புரளும் பிள்ளையின் உடம்பு சூரியனுக்குக் கீழ்ப்படிகிறது. பள்ளி எத்தனை மணிக்குத் தொடங்க வேண்டும் என்பது மனிதர்கள் போட்ட அட்டவணை. பூமியின் சுழற்சியை யாராலும் மாற்ற முடியாது. அட்டவணையைப் பற்றி பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் பேசலாம். குறைந்தது, அந்தப் பிள்ளையை அரை மணி நேரம் முன்னதாகப் படுக்க வைக்கலாம்.

அரை நிமிடக் கடன்

கடிகாரத்தின் கதை முடிந்தது. ஆனாலும் நேயர்கள் கேட்ட கேள்வியில் பாதி பாக்கி இருக்கிறது. கடிகாரம்தான் காரணம் என்றால் எல்லா மாதமும் ஒரே மாதிரி தாமதமாக வேண்டாமா? பிப்ரவரியில் மட்டும் ஏன்?

நவம்பர் தொடக்கத்தில் கோலாலம்பூரில் 6.57க்கே விடிந்துவிடுகிறது. பிப்ரவரி நடுவில் 7.27. சிங்கப்பூரில் 6.46இல் தொடங்கி 7.17 வரை போகிறது. இரண்டு ஊரிலும் அரை மணி நேர வித்தியாசம். இத்தனைக்கும் சிங்கப்பூரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே வேறுபாடு வெறும் ஒன்பது நிமிடம்தான். கோலாலம்பூரில் சுமார் 22 நிமிடம்.

இதோ விடை. பூமி ஒரு முழுச் சுற்றை முடிக்க உண்மையில் எடுப்பது 23 மணி 56 நிமிடம். அதற்குள் அது சூரியனைச் சுற்றும் பாதையில் ஒரு நாள் தூரம் முன்னேறிவிடுகிறது. அதனால் சூரியனை மறுபடி உச்சியில் பார்க்க இன்னும் ஒரு டிகிரி அளவு திரும்ப வேண்டும். அதற்கு நான்கு நிமிடம். இரண்டும் சேர்ந்துதான் நம் 24 மணி.

இந்த நான்கு நிமிடம் ஒரு சராசரிக் கணக்கு. பூமியின் பாதை சரியான வட்டம் கிடையாது. ஜனவரித் தொடக்கத்தில் சூரியனுக்கு அருகில் வரும்போது பூமி வேகமாக ஓடுகிறது. ஒரு நாளில் கூடுதல் தூரம் போவதால் கூடுதலாகத் திரும்பவும் வேண்டியிருக்கிறது. பூமியின் அச்சு சாய்ந்திருப்பதும் இந்தக் கணக்கில் கை வைக்கிறது. டிசம்பர் இறுதியில் இரண்டு காரணமும் ஒரே திசையில் சேர்ந்துவிடுகின்றன. அப்போது ஓர் உச்சிப்பொழுதில் இருந்து மறு உச்சிப்பொழுதுவரை 24 மணி நேரமும் சுமார் அரை நிமிடமும் ஆகிறது.

அரை நிமிடம்தானே என்று விட்டுவிடலாமா? கடன் அட்டைக் கணக்கு வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நவம்பரில் இருந்து பிப்ரவரிவரை நூறு நாள். தினமும் சில விநாடிகள் சேர்ந்து சேர்ந்து முப்பது நிமிடம் ஆகிவிடுகிறது. அதன்பின் சூரியன் அந்தக் கடனை மெல்ல மெல்ல அடைக்கத் தொடங்கும்.

இது உலகம் முழுவதற்கும் பொது. லண்டனிலும் இந்த அரை மணி இருக்கிறது. ஆனால் அங்கே பகல் ஜூனில் பதினாறரை மணி நேரத்துக்கும் மேல் நீண்டு, டிசம்பரில் எட்டு மணி நேரத்துக்கும் கீழே சுருங்குகிறது. அந்தப் பெரிய ஏற்ற இறக்கத்தில் இது கண்ணில் படாமல் கரைந்துவிடும். பகலின் நீளம் அவ்வளவாக மாறாத நம் ஊரில்தான் பட்டவர்த்தனமாகத் தெரிகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிப்ரவரியில் விடிவது தாமதம் என்றால் இருட்டுவதும் தாமதம்தான். மாலை 7.27 வரை வெளிச்சம் இருக்கும். வெளிச்சத்தை யாரும் திருடவில்லை, காலையில் இருந்து மாலைக்கு நகர்த்தி வைத்திருக்கிறது.

பிரகாரம் சுற்றும் பூமி

இப்போது சாய்வுக்கு வருவோம். பள்ளிப் பிள்ளைகள் மட்டுமல்ல, பட்டதாரிகளும் தடுமாறும் இடம் இது. "சூரியனுக்குப் பக்கத்தில் போனால் கோடை, தள்ளிப் போனால் குளிர்." அப்படியென்றால் ஜனவரித் தொடக்கத்தில் உலகம் முழுக்க வெயில் கொளுத்த வேண்டும். அப்போதுதான் பூமி மிக அருகில், ஏறத்தாழ 14 கோடியே 71 லட்சம் கிலோமீட்டரில் இருக்கிறது. ஜூலைத் தொடக்கத்தில் 15 கோடியே 21 லட்சத்துக்குத் தள்ளிப் போய்விடுகிறது. லண்டன்காரர்கள் கம்பளி போர்த்துவது ஜனவரியில், ஐஸ்கிரீம் வாங்க வரிசையில் நிற்பது ஜூலையில்.

கோயில் பிரகாரத்தை மனக்கண்ணில் கொண்டுவாருங்கள். நடுவில் கருவறை, அதுதான் சூரியன். சுற்றி வரும் நீங்கள்தான் பூமி. ஒரே ஒரு நிபந்தனை: சுற்றும்போது உங்கள் தலை எப்போதும் வடக்கு நோக்கியே சாய்ந்திருக்க வேண்டும், எங்கே திரும்பினாலும் அந்தச் சாய்வு மாறக்கூடாது. கருவறைக்குத் தெற்கே வரும்போது உங்கள் தலை கருவறைப் பக்கம் சாயும். வடக்கே போனதும் அதே சாய்வு உங்கள் தலையைக் கருவறையை விட்டு விலக்கிவிடும். நீங்கள் சாய்வை மாற்றவில்லை, நிற்கும் இடம்தான் மாறியது.

பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது. வானத்தில் ஒரே திசையை நோக்கியபடியே அது சூரியனைச் சுற்றுகிறது. ஜூனில் வடபாதி சூரியன் பக்கம் சாய்கிறது, டிசம்பரில் தென்பாதி. பருவங்களுக்கெல்லாம் தாய் இந்தச் சாய்வுதான்.

சாய்ந்தால் ஏன் சூடாக வேண்டும்? இரவில் விளக்கை அணைத்துவிட்டு, சாப்பாட்டுத் தட்டின் மேல் டார்ச்லைட்டை நேராகப் பிடித்துப் பாருங்கள். சின்ன, பளிச்சென்ற வட்டம் விழும். அதே விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் வெளிச்சம் தட்டு முழுக்கப் பரவி மங்கிவிடும். விளக்கு அதேதான், பங்கு போடும் இடம்தான் பெரிதாகிவிட்டது. டிசம்பரில் லண்டனின் உச்சிச் சூரியன் அடிவானத்துக்கு மேல் 15 டிகிரிதான் ஏறும். நேராக விழுந்தால் ஒரு சதுர மீட்டருக்குக் கிடைக்கும் வெயிலை அங்கே கிட்டத்தட்ட நான்கு சதுர மீட்டர் பங்கிட்டுக்கொள்கிறது. பகலும் குறுகிப்போவதால் அந்த மங்கிய வெயிலும் கொஞ்ச நேரம்தான்.

நம் கதை வேறு. கோலாலம்பூரில் உச்சிச் சூரியன் மிகத் தாழ்ந்து நிற்பது டிசம்பரில், அதுவும் 63 டிகிரி உயரத்தில். லண்டனில் உச்சிக் கோடையிலேயே அது 62 டிகிரிதான். அங்கே ஆண்டின் மிக உயர்ந்த சூரியன், இங்கே நம்முடைய மிகத் தாழ்ந்த சூரியனைக்கூட எட்டவில்லை.

நமக்கும் பருவம் உண்டு

"நம்ம ஊர்ல என்ன சீசன்? வெயில், மழை, டுரியான்!" என்று நாம் சிரிப்பது வழக்கம். நகைச்சுவை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மழைக்குப் பின்னாலும் இதே சாய்வு நிற்கிறது.

டிசம்பரில் வடபாதி சூரியனை விட்டு விலகிச் சாய்ந்திருக்கும்போது சைபீரியாவும் சீனாவும் உறைந்து கிடக்கின்றன. அங்கே கனத்துப்போன குளிர்காற்று, வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும் ஆஸ்திரேலியாவை நோக்கித் தெற்கே வழிகிறது. வழியில் தென்சீனக் கடலில் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கிளந்தான், திரங்கானு, பகாங் கரைகளில் கொட்டுகிறது. 2014 டிசம்பரில் கிளந்தானை மூழ்கடித்த வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். தித்திவாங்சா மலைத்தொடருக்கு இந்தப் பக்கம் இருக்கும் நமக்கு அந்த மழையின் முழு வேகம் வருவதில்லை. அதே வடகிழக்குக் காற்றுதான் வங்கக் கடலைக் கடந்து தமிழ்நாட்டுக் கரையில் ஐப்பசி, கார்த்திகை மழையாகிறது.

ஜூனில் எல்லாம் தலைகீழ். ஆசியா சூடாகி, தெற்கிலிருந்து காற்று திரும்பி வருகிறது. நமக்கு முன்னால் சுமத்ரா மலைகள் நிற்பதால் மழை குறைவு. அந்தத் தீவில் காடும் கரிமண்ணும் எரிந்தால் புகையைத் தூக்கிக்கொண்டு வருவதும் இதே தென்மேற்குக் காற்றுதான். 1997, 2015, 2019 என்று பள்ளிகளை மூட வைத்த புகைமூட்டங்கள் பெரும்பாலும் ஆண்டின் இந்தப் பாதியில்தான் வந்தன. நெருப்பு வைப்பது மனிதன் கை. அதை எந்தப் பக்கம் அனுப்புவது என்பதைக் காற்று தீர்மானிக்கிறது.

இரண்டு காற்றுக்கும் நடுவே, ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும், மேற்குக் கரையில் மாலை மழை பிய்த்துக்கொண்டு பெய்யும். தீபாவளிக்கு முன் கடைத்தெருவில் குடையோடும் பைகளோடும் நாம் படும் பாடு இதனால்தான்.

தோட்டத்தில் இதற்கு இன்னும் தெளிவான அடையாளம் இருந்தது. ஆண்டுத் தொடக்கத்து வறட்சியில் ரப்பர் மரங்கள் இலையை உதிர்த்து மொட்டையாக நிற்கும். பால் குறையும், அதோடு வருமானமும் குறையும். பனி விழாத நாட்டில் ஓர் இலையுதிர்காலத்தை வயிற்றால் உணர்ந்தவர்கள் நம் தாத்தா பாட்டிகள்.

அதற்கும் முன்னால், பாய்மரக் கப்பல் காலத்தில், தமிழகத்தில் இருந்து கடாரத்துக்கு வந்த வணிகர்கள் தென்மேற்குக் காற்றில் கிழக்கே வந்தார்கள். காற்று திசை மாறும்வரை தங்கினார்கள். வடகிழக்குக் காற்றில் ஊர் திரும்பினார்கள். கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் கோயில் அடித்தளங்கள் இன்றும் இருக்கின்றன. பூமி நிமிர்ந்து நின்றிருந்தால் இந்தப் போக்குவரத்துக் காற்று இப்படி ஆண்டுக்கு இருமுறை திரும்பியிருக்காது.

தை முதல் நாளும் சூரியனும்

கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆண்டை ஆறாகப் பிரித்தவர்கள் நம் முன்னோர். அவர்கள் ஊர் வானிலைக்கு அது பொருந்தியது. இங்கே பிறந்த பிள்ளைக்கு மார்கழிப் பனி என்றால் குளிர்சாதனப் பெட்டியைத்தான் தெரியும். அதனால் இவற்றைச் சொல்லித்தரும்போது எந்த ஊரின் பருவங்கள் இவை என்பதையும் சேர்த்துச் சொல்வது நல்லது.

தை முதல் நாளைச் சூரியன் வடக்கே திரும்பும் உத்தராயணத் தொடக்கம் என்கிறோம். வானத்தில் அந்தத் திருப்பம் டிசம்பர் 21 அல்லது 22லேயே நடந்துவிடுகிறது. பொங்கலோ ஜனவரி 14 அல்லது 15இல் வருகிறது. முன்னோர் கணக்கில் பிழை இல்லை. பூமியின் அச்சு, சுற்றி முடியும் பம்பரத்தைப்போல மிக மெதுவாகத் தலையாட்டுகிறது. ஒரு முறை ஆட்டி முடிக்க ஏறத்தாழ 26,000 ஆண்டு. நம் பஞ்சாங்கம் மாதங்களை விண்மீன்களை வைத்துக் கணக்கிடுகிறது, பருவமோ சாய்வைப் பின்பற்றுகிறது. இரண்டுக்கும் இடையே சுமார் 71 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் விலகிக்கொண்டே வந்து இன்று 24 நாள் ஆகியிருக்கிறது. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. பால் பொங்கும்போது பிள்ளைகள் கேட்டால் சொல்ல ஒரு நல்ல கதை.

ஒரு குச்சி போதும்

இவ்வளவும் படித்துவிட்டு மறந்துபோவதற்குப் பதில், ஒரு நாள் கண்ணால் பார்த்துவிடுங்கள். செலவு எதுவும் இல்லை.

நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பவர்களுக்கு ஆண்டில் இரண்டு நாள் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வரும். லண்டனுக்கு அந்தப் பாக்கியம் ஒரு நாளும் இல்லை. கோலாலம்பூரில் அது மார்ச் 28, செப்டம்பர் 15 வாக்கில். பினாங்கில் ஏப்ரல் 3, செப்டம்பர் 9 வாக்கில். ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் மார்ச் 23 அல்லது 24, செப்டம்பர் 19 அல்லது 20 வாக்கில். ஒரு நாள் முன்பின் ஆனாலும் பரவாயில்லை. அன்று வானம் மூடியிருந்தால் மறுநாள் பார்க்கலாம்.

வீட்டு வாசலிலோ, அடுக்குமாடி வீட்டின் கார் நிறுத்துமிடத்திலோ சமமான தரையில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நிறுத்துங்கள். நேரான தண்ணீர்ப் போத்தலும் போதும். பிள்ளைக்குத் தொப்பி போட்டுவிடுங்கள். சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம், தரையைப் பார்த்தால் போதும். நிழல் குறுகிக்கொண்டே வந்து, குச்சியின் அடிக்குள் ஒளிந்துகொள்ளும்.

அடுத்த சில மாதங்களுக்கும் அதைத் தொடர்ந்து பாருங்கள். மார்ச் முடிவில் இருந்து செப்டம்பர் நடுவரை கோலாலம்பூரில் உச்சிச் சூரியன் வடக்கே நிற்பதால் நிழல் தெற்கே விழும். அதன்பின் நிழல் பக்கம் மாறும். வடக்குப் பார்த்த பால்கனியில் ஜூனில் சீக்கிரம் காயும் துணி, டிசம்பரில் ஏன் காயவில்லை என்பதற்கும் அப்போது விடை கிடைக்கும். சாய்ந்து சுற்றும் ஒரு கோளின் மேல் நாம் நிற்கிறோம் என்பதற்கு அந்த நிழலைவிட நேரடியான சாட்சி வேண்டாம்.

நிழல் மறையும் அந்தக் கணத்தில் பிள்ளையை உங்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மார்ச் 28ஆம் தேதி கோலாலம்பூரில் மணி ஏறத்தாழ 1.18 இருக்கும். "உச்சிவெயில் பன்னிரண்டு மணிக்குத்தானே வரணும்?" என்று பிள்ளை கேட்பான். 1905இல் இருந்து தொடங்குங்கள்.